கூரை யாருக்குச் சொந்தம், செலவு யார் தலையில்?

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் வண்டியில், நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நம்மிடம் நீட்டினார். "அண்ணே, நீங்க படிச்சுச் சொல்லுங்க. நான் மூணு தடவை படிச்சிட்டேன், தொகை மாறவே மாட்டேங்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கோரமண்டலைத் தாண்டி பங்காருப்பேட்டை வருகிறவரைக்கும் வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவர் தகப்பனார் சுரங்கத்தில் அடித்தளத்தில் உழைத்தவர். 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கத்தை மூடியபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருந்தார். மகன் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். பதினேழு வருடம் இதே வண்டியில் போய் வந்தவர். வண்டியிலேயே வாழ்நாள் கழிகிறதே என்று, தகப்பன் பணம், மனைவியின் நகை, பி.எப். கடன், மேலே பாங்கியில் இருபது வருடக் கடன் என்று எல்லாவற்றையும் சேர்த்து, ஒயிட்பீல்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைப் பழைய வீடாகவே வாங்கினார். கிரயம் பதிவாயிற்று. பால் காய்ச்சினார்கள். நாமும் போய் ஒரு வாய் பாயசம் குடித்துவிட்டு வந்தோம்.

நான்காவது மாதம் அந்தத் தாள் வந்தது. கட்டிடத்துக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டதாம். வெளிச்சுவர் பூச்சு உதிர்கிறது, மொட்டைமாடியில் நீர் கசிகிறது, இரண்டு லிப்டுகளையும் மாற்றியாக வேண்டும், கழிவுக் குழாய் முழுவதும் புதிதாகப் போட வேண்டும். மொத்த மதிப்பீடு 88 லட்சத்து 32 ஆயிரம் ரூபாய். வீடுகள் 48. தலைக்கு ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம். அறுபது நாளில் கட்ட வேண்டும், தவறினால் வட்டி.

இதிலே நம் வயிற்றைக் கலக்கிய விஷயம் தொகை அல்ல, தேதி. இந்த வேலைகளைச் செய்வதென்று அந்தக் கட்டிடத்து உரிமையாளர் சங்கம் தீர்மானம் போட்டது, நம் தோழர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு எட்டு மாதம் முன்னால். விற்றவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர். கை தூக்கிவிட்டு வந்துதான் வீட்டை விலைக்குப் போட்டிருக்கிறார். வக்கீல் தாய்ப்பத்திரம் பார்த்தார், இ.சி. பார்த்தார், கத்தா பார்த்தார், வரி ரசீது பார்த்தார். குற்றம் சொல்ல முடியாது. காகிதத்தில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தார். ஆனால் வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும், ஜப்தி தெரியும். உதிரப்போகும் பூச்சும் நிற்கப்போகும் லிப்டும் எந்த வில்லங்கச் சான்றில் தெரியும்?

இதை ஒரு மனிதரின் துரதிர்ஷ்டம் என்று எண்ணி விட்டுவிடலாமா? இன்றைக்குத் தங்கவயல் பிள்ளைகளில் எத்தனை பேர் பெங்களூரில், ஓசூரில், சென்னையில் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்! சிங்கப்பூரிலும் லண்டனிலும் வேலைக்குப் போனவர்கள் அங்கேயே வாங்குகிறார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் நம் பாட்டன்மார் இங்கே வந்தபோது மூங்கில் தட்டி வீட்டில் குடியேறினார்கள். நாலாவது தலைமுறையில்தான் சொந்தமென்று ஒரு கதவை வாங்க முடிகிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டறிவது சங்கத்தின் வேலை இல்லையென்றால் வேறு யார் வேலை?

நம் லைன் வீட்டை வைத்தே இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளலாம். வரிசையாக வீடுகள். நடுச்சுவர் இரண்டு பேருக்குப் பொது. கூரை எல்லோருக்கும் பொது. மழைக்காலத்தில் மூன்றாம் வீட்டுக் கூரையில் விழுந்த தண்ணீர் ஐந்தாம் வீட்டு அடுப்பில் சொட்டும். கம்பெனி இருந்த காலத்தில் ஆபீசில் எழுதிக்கொடுப்போம். இன்றைக்கோ நாளைக்கோ, கத்திக் கத்தியாவது, ஒரு மேஸ்திரியும் இரண்டு ஆளும் வருவார்கள். வாடகையைச் சம்பளத்தில் பிடித்த கம்பெனி, கூரையைப் பார்க்கும் பொறுப்பையும் வைத்துக்கொண்டது. வீடு நம்முடையதல்ல, செலவும் நம்முடையதல்ல. அது அடிமைத்தனம்தான், ஆனால் கணக்கு நேராக இருந்தது. 2001-க்குப் பிறகு என்ன ஆயிற்று? வீடு அப்போதும் நம்முடையதாகவில்லை, ஆனால் தகரமும் ஓடும் சிமெண்டும் நம் கைக்காசில் வந்தன. அடுத்த வீட்டுக்காரன் தன் பங்கைக் கொடுக்காவிட்டால் இருவர் தலையிலும் தண்ணீர் விழுந்தது.

சொந்தக்காரன் ஒருவன், குடியிருக்கிறவன் ஒருவன், எப்போது எவ்வளவு செலவு என்று முடிவு செய்கிறவன் ஒருவன், பணம் கட்டுகிறவன் ஒருவன். இந்த நாலு பேரும் ஒரே ஆளாக இருந்தால் பிரச்சினை இல்லை. நாலும் பிரிந்து நிற்கிற இடத்தில்தான் ஏழையின் வீட்டுக்கு எதிர்பாராத பில் வருகிறது. உலகம் முழுவதும் இதுதான் கதை. மிகவும் பட்டு அனுபவித்தவர்கள் லண்டன்வாசிகள். அவர்கள் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் நாம் இன்னும் கேட்கத் தொடங்காத கேள்விகளை அவர்கள் நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்வோம். பெங்களூரில் "லீஸுக்கு வீடு" என்றால், ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது பணத்தைத் திரும்ப வாங்குவது; ஊரில் போக்கியம் என்போமே, அது. இங்கிலாந்தில் லீஸ் என்பது வேறு. அங்கே பிளாட் வாங்குகிறவர் முழு விலையும் கொடுத்தே வாங்குகிறார். ஆனால் கிடைப்பது 99 வருடமோ 125 வருடமோ குடியிருக்கும் உரிமை மட்டும். மண்ணும் சுவரும் கூரையும் மேல் உரிமையாளருக்கு. எப்போது கூரை மாற்றுவது, எந்தக் காண்டிராக்டருக்குக் கொடுப்பது என்பதை அந்த உரிமையாளர் முடிவு செய்கிறார். பில் மட்டும் பிளாட்டுக்காரர்களுக்குப் பங்கு போட்டு வரும். கூரை அவனுக்குச் சொந்தம், ஓட்டை உனக்குச் சொந்தம் என்கிற ஏற்பாடு!

1980-ல் தாட்சர் அம்மையார் அரசாங்கம் ஒரு வீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. நகரசபை வீடுகளில் வாடகைக்கு இருந்த தொழிலாளர்கள் அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றது. தொழிலாளி வீட்டுக்காரன் ஆகிறான் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. தனி வீடு வாங்கியவர்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. அடுக்குமாடியில் பிளாட் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது லீஸ். விற்கும்போது, அடுத்த ஐந்து வருடத்தில் என்னென்ன பழுதுவேலை வரும், எவ்வளவு ஆகும் என்று நகரசபை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஐந்து வருடத்தில் எழுதிக் கொடுத்ததற்குமேல், விலைவாசி ஏற்றம் போக, வாங்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆறாம் வருடம்? அறுபதுகளில் கட்டிய கட்டிடங்களின் கூரையும் ஜன்னலும் லிப்டும் ஐந்தாம் வருடத்தோடு கிழடாவதை நிறுத்திக்கொள்ளுமா?

ஈஸ்ட் ஹாம் நம்மவர்களுக்குத் தெரிந்த பெயர். தமிழ்க் கடைகளும் பக்கத்தில் முருகன் கோயிலும் இருக்கிற வட்டாரம். நியூஹாம் நகரசபையைச் சேர்ந்தது. அந்த நியூஹாமில் 93 வயது மூதாட்டி ஒருவருக்குக் கூரை வேலைக்காக ஏறத்தாழ 50,000 பவுண்டு பில் வந்தது. 2009-ல் அவர் இறந்துபோனார். அவர் குடும்பத்தார் விடாமல் போராடினார்கள். 2014-ல் அரசாங்கம் ஒரு விதி போட்டது: மத்திய அரசு நிதி உதவியோடு நடக்கும் பழுதுவேலைகளுக்கு, லண்டனில் ஐந்து வருடத்தில் 15,000 பவுண்டுக்குமேல், மற்ற இடங்களில் 10,000 பவுண்டுக்குமேல் குடியிருப்பவரிடம் வாங்கக்கூடாது. அந்த மூதாட்டியின் செல்லப்பெயரால் "புளோரி சட்டம்" என்றே அதை ஜனங்கள் அழைக்கிறார்கள். அரசு நிதி இல்லாமல் நடக்கும் வேலைக்கு அந்த உச்சவரம்பு இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பாதிக் கதவைத் திறந்துவிட்டு வெற்றி விழா கொண்டாடுவது எல்லா நாட்டு அரசாங்கங்களுக்கும் பழக்கம் போலிருக்கிறது.

அங்கே இன்னொரு பாதுகாப்பு 1985-ஆம் வருடத்துச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு பழுதுவேலைக்காக எந்த ஒரு பிளாட்டுக்காரர் தலையிலாவது 250 பவுண்டுக்குமேல் விழுமானால், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, மதிப்பீடுகளைக் காட்டி, அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் 250 பவுண்டுக்குமேல் வாங்க முடியாது. செலவு செய்து 18 மாதத்துக்குள் பில்லோ, செலவானது என்ற எழுத்து அறிவிப்போ கொடுக்காவிட்டாலும் கேட்கும் உரிமை போய்விடும். செலவு நியாயமாக இருக்க வேண்டும். இல்லையென்று தோன்றினால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்.

இந்த 250 பவுண்டு விதியை வைத்து ஒரு பெரிய வழக்கே நடந்தது. வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் என்ற இடம். கட்டிட உரிமையாளர் டேஜன் என்ற கம்பெனி. ஏறத்தாழ 2,80,000 பவுண்டு வேலை. பணம் கட்ட வேண்டிய பிளாட்டுக்காரர்கள் ஐந்து பேர். கலந்தாலோசிக்கும் முறையைக் கம்பெனி சரியாக முடிக்கவில்லை. விதிப்படி பார்த்தால் ஐந்து பேரிடமும் சேர்த்து 1,250 பவுண்டு தான் வாங்க முடியும். கீழே மூன்று மன்றங்களிலும் குடியிருப்போர் ஜெயித்தார்கள். 2013 மார்ச்சில் உச்சநீதிமன்றம், மூன்று நீதிபதிகள் ஒரு பக்கம் இரண்டு பேர் ஒரு பக்கம் என்று பிரிந்து, கம்பெனிக்கு விலக்குக் கொடுத்தது. முறை தவறியது உண்மைதான், ஆனால் அந்தத் தவறால் உங்களுக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்று காட்டுங்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம். பில்லில் 50,000 பவுண்டைக் குறைக்க வேண்டும், அவர்கள் வழக்குச் செலவையும் தரவேண்டும் என்று நிபந்தனை போட்டது. பெரும்பான்மை நீதிபதிகளின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2,80,000-க்கு 1,250 என்றால் அதுவும் விபரீதம்தான். ஆனாலும், நோட்டீஸ் கொடுக்காமல் விட்டவன் தப்பித்துக்கொள்ள, நோட்டீஸ் வராதவன் தன் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறதே என்பதுதான் நமக்கு உறுத்துகிறது.

2017 ஜூன் 14-ல் கிரென்பெல் கோபுரம் எரிந்து 72 பேர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். வெளிச்சுவரில் ஒட்டிய தகடுதான் தீயை ஏற்றிக்கொண்டு போயிற்று. அதன் பின் நாடு முழுக்க இப்படிப்பட்ட கட்டிடங்களில் தகடு மாற்றும் பில், அதை ஒட்டச் சொல்லாத பிளாட்டுக்காரர்கள் தலையில் விழுந்தது. விற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் ஆயிரக்கணக்கானவர்கள் தவித்தார்கள். கூச்சல் போட்டுப் போட்டு, 2022-ல்தான் குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட கட்டிடங்களில் தகுதியுள்ள குடியிருப்போரிடம் தகட்டுச் செலவை வாங்கக்கூடாது என்று சட்டம் வந்தது.

சிங்கப்பூர் வேறு மாதிரி. அங்கேயும் வீட்டு வளர்ச்சிக் கழகம் 99 வருட லீஸில்தான் விற்கிறது; நான்கில் மூன்று பேருக்குமேல் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். பழைய வீடுகளைப் புதுப்பிக்க 2007-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அந்த பிளாக்கில் தகுதியுள்ள வீட்டார் நூற்றுக்கு 75 பேர் வாக்களித்து ஒப்புக்கொண்டால்தான் வேலை நடக்கும். காரை பெயர்ந்து விழுவது, கழிவுக் குழாய் போன்ற அவசிய வேலைகளுக்குக் குடிமக்களிடம் காசு இல்லை. கழிப்பறை, கதவு போன்றவை விருப்பம். செய்துகொண்டால் வீட்டின் அளவைப் பொறுத்து நூற்றுக்கு 5 முதல் 12½ வரை குடியிருப்பவர் பங்கு. அங்கே எல்லாம் தேனும் பாலும் என்று நாம் சொல்லவில்லை. 1997 தேர்தலில், எங்களுக்கு வாக்களிக்கும் வட்டாரத்துக்கே புதுப்பிக்கும் வேலையில் முன்னுரிமை என்று ஆளுங்கட்சி பகிரங்கமாகச் சொன்னது. குழாயைக் காட்டி ஓட்டுக் கேட்பது நம்மூர்க் கண்டுபிடிப்பு மட்டும் அல்ல. ஆனாலும் வேலைக்கு முன்னால் வாக்குச்சீட்டு, பங்குத் தொகை முன்கூட்டியே தெரிந்த தொகை என்ற இரண்டும் அங்கே இருக்கின்றன அல்லவா? அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கர்நாடகத்தில் தனியார் கட்டிடங்களில் பெரும்பாலும் லீஸ் இல்லை. பிளாட்டோடு மண்ணில் பிரிக்கப்படாத ஒரு பங்கும் கிரயமாகிறது. கூரையில் நமக்கும் பங்கு உண்டு. அப்படியானால் லண்டன்காரர் சங்கடம் நமக்கு ஏன் வர வேண்டும்? வருகிறது. சொந்தக்காரர் 48 பேர் என்றாலும் முடிவு செய்கிறவர் ஏழெட்டுப் பேர், வாங்கப்போகிறவருக்கு அந்தக் கூட்டத்தில் இடமே இல்லை.

1972-ஆம் வருடத்துக் கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம் சில விஷயங்களைத் தெளிவாகவே சொல்கிறது. பொதுச் செலவில் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. நான் தரைத்தளத்தில் இருக்கிறேன், லிப்டில் ஏறுவதே இல்லை, எனக்கு வேண்டாம் என்று ஒதுங்க முடியாது. விற்றவர் வைத்துவிட்டுப் போன பாக்கிக்கு வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. ஆனால் அதே சட்டத்தில் ஒரு நல்ல கதவும் இருக்கிறது. வாங்குகிறவர், விற்பவர் வைத்திருக்கும் பாக்கி எவ்வளவு என்று உரிமையாளர் சங்கத்திடம் எழுத்தில் கணக்குக் கேட்கலாம். அப்படிக் கொடுத்த கணக்குக்குமேல் பழைய பாக்கிக்காக அவரைப் பிடிக்க முடியாது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ரயில்வேயில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிற நமக்கே போன மாதம்தான் தெரிந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "பாக்கி இல்லை" என்ற கடிதம் நம் தோழரிடமும் இருக்கிறது! விற்றவர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பொய்க் கடிதம் அல்ல. அன்றைக்கு உண்மையிலேயே பாக்கி இல்லை. தீர்மானம் போட்டார்களே தவிர, பணம் கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பவில்லை. நோட்டீஸ் வந்த நாளில் யார் பெயரில் வீடு இருக்கிறதோ அவர் தலையில் பில். இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட இதே வழக்கம்தான். ஆகையால் பாக்கி எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. என்னென்ன வேலை செய்வதாகத் தீர்மானித்திருக்கிறீர்கள், கடைசி மூன்று வருடத்துக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பைக் காட்டுங்கள், பொது நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் கேட்க வேண்டும். கொடுத்த பிறகு கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் அவசரம் இருக்காது. அப்படியும் சந்தேகம் இருந்தால், பதிவுக்கு முன் தீர்மானித்த வேலைகளுக்கான செலவு விற்பவரையே சேரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கு விற்பவர் முகம் சுளித்தால், அதுவே பதில்தான்.

பொது நிதியைப் பற்றி இரண்டு வார்த்தை. பில்டர்கள் கார்ப்பஸ் பண்ட் என்று ஆரம்பத்தில் வாங்குவார்கள். பெரிய பழுதுவேலைக்கென்று மாதாமாதம் சேர்ப்பதைச் சிங்கிங் பண்ட் என்கிறார்கள். நம் தோழரின் கட்டிடத்தில் முதலாவது கரைந்துபோயிற்று, இரண்டாவது இல்லவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1,84,000 ரூபாயைப் பதினெட்டு வருடத்துக்கு, அதாவது 216 மாதத்துக்குப் பிரித்தால், மாதம் 852 ரூபாய். விற்றவர் அங்கே பதினோரு வருடம் குடியிருந்தார். லிப்டில் ஏறி இறங்கினார், குழாயில் தண்ணீர் விட்டார், சுவரின் நிழலில் இருந்தார். அவர் கட்டாமல் மிச்சம் பிடித்த 852 ரூபாய்கள் அத்தனையும் இப்போது நான்கு மாதம் குடியிருந்த மனிதரிடம் பில்லாக வந்திருக்கின்றன. "இந்த அப்பார்ட்மெண்டில் மெயின்டனன்ஸ் ரொம்பக் கம்மி சார்" என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னாராம். தாய்மார்களே, அந்த வார்த்தை காதில் விழுந்தால் மகிழாதீர்கள். ஏன் கம்மி என்று கேளுங்கள்.

நம் ரயிலை எண்ணிப்பாருங்கள். டிக்கெட்டில் கட்டணம் அச்சடித்திருக்கிறது. மாலூரில் வண்டியை நிறுத்தி, என்ஜினுக்கு வயதாகிவிட்டது, பெட்டியில் இருப்பவர்கள் ஆளுக்கு ஆயிரம் எடுங்கள் என்று யாராவது கேட்டால் விடுவோமா? என்ஜினின் தேய்மானம் முதல் நாளிலிருந்தே கட்டணத்தில் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கடைசியில் ஏறியவன்தான் என்ஜின் வாங்க வேண்டும்.

புது வீடு வாங்குகிறவர்களுக்கு 2016-ஆம் வருடத்து ரேரா சட்டம் ஒரு துணை. வீடு ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்து முறையிட்டால், பில்டர் தன் செலவில், முப்பது நாளில் சரிசெய்ய வேண்டும். ஆகவே நாலாம் வருடம் முடிவதற்குள் எல்லோரும் சேர்ந்து மொட்டைமாடியில் ஏறிப் பார்த்து, எழுத்தில் புகார் கொடுங்கள். ஐந்து வருடம் ஒரு நாள் ஆனபின் கண்ட வெடிப்புக்கு நாம்தான் மேஸ்திரி. உரிமையாளர் சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது என்பதையும் பாருங்கள். பல இடங்களில் 1960-ஆம் வருடத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்துவிட்டு, அடுக்குமாடிச் சட்டம் தரும் பாதுகாப்பு நமக்கு உண்டா இல்லையா என்று கோர்ட்டில் நின்று தெரிந்துகொள்ள வேண்டிய நிலை.

அரசாங்கம் கட்டித் தரும் வீடுகளிலும் நிம்மதி இல்லை. சென்னை புளியந்தோப்பில் கே.பி.பார்க் குடியிருப்பில் 2021 ஆகஸ்டில் நடந்தது நினைவிருக்கும்: புதிதாகக் கட்டிய சுவரின் பூச்சைக் கையால் தொட்டாலே உதிர்ந்தது. குடியேறும் மக்களிடம் பங்குத் தொகை கேட்ட இடம் அது. உதிர்கிற சுவருக்குப் பங்குத்தொகை! 2022-ல் தமிழ்நாடு அரசு, குடியிருப்போர் சங்கம் பராமரிப்புக்கு எவ்வளவு சேர்க்கிறதோ அவ்வளவு தானும் தருவதாக ஒரு திட்டம் கொண்டுவந்தது. பங்கு போட அரசு முன்வருவது நல்லதே. ஆனால் ஆரம்பத்திலேயே கலவையில் சிமெண்ட் சரியாக இருந்ததா என்று பார்க்கும் உரிமையையும் அந்த மக்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

இவ்வளவும் ஏன் சொல்கிறோம் என்றால், நம் சொந்தக் கூரைப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. குவார்ட்டர்ஸில் தலைமுறையாகக் குடியிருந்தும் உரிமைப் பத்திரம் கையில் இல்லாத குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. வீட்டை எங்கள் பெயரில் எழுதுங்கள் என்று எத்தனை மேடையில், எத்தனை தேர்தலில் கேட்டுவிட்டோம்! கேட்பதை நிறுத்தக்கூடாது. ஆனால் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும். நாளைக்கே ஒருவர் வந்து, லீஸில் எழுதித் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று பத்திரம் நீட்டினால், ஆனந்தக் கண்ணீரில் எழுத்து மங்கிவிடக்கூடாது. பொதுக் கூரையையும் நடுச்சுவரையும் யார் பார்ப்பது? நூறு வருடச் சாக்கடையையும் தண்ணீர்க் குழாயையும் புதிதாகப் போடுவது யார் செலவு? "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வார்த்தையைப் போட்டு, இத்தனை காலம் யாரும் தொடாத பழுதையெல்லாம் ஓய்வுபெற்ற தொழிலாளியின் விதவை தலையில் கட்டிவிடுவார்களா? லண்டனில் தொழிலாளிக்கு வீடு விற்ற கதையில் நாம் படிக்க வேண்டிய பக்கம் இதுதான். பத்திரத்தோடு பழுதுக் கணக்கையும் கேட்போம். ஒப்படைக்கும் முன் கூரையைச் சரிசெய்து கொடு, அல்லது அதற்குரிய பணத்தை ஒதுக்கிக் கொடு என்பது நம் கோரிக்கையில் இரண்டாவது வரியாக இருக்க வேண்டும். முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஊர்வலம் போனால், கிடைப்பது ஓட்டைக்கு உரிமைப் பத்திரமாகிவிடும்.

அந்தத் தோழரின் விவகாரம் இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்பீர்கள். விற்றவருக்கு வக்கீல் மூலம் கடிதம் போயிருக்கிறது, பதில் இல்லை. உரிமையாளர் சங்கத்திடம் மதிப்பீட்டின் நகல் கேட்டோம். ஒரே ஒரு காண்டிராக்டரின் மதிப்பீடுதான் இருந்தது. 88 லட்சம் ரூபாய் வேலைக்கு ஒரே மதிப்பீடு! நம் ஆபீசில் ஒரு மர அலமாரி வாங்கவே மூன்று கொட்டேஷன் வேண்டும். அதைக் கேட்டு எழுதியதும், ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த பதினாறு வீட்டுக்காரர்கள் கூடக் கையெழுத்துப் போட்டார்கள். லிப்டு வேலையைத் தனியாகவும் பூச்சு வேலையைத் தனியாகவும் பிரித்து மறுமதிப்பீடு வாங்குவது, பணத்தைப் பத்துத் தவணையில் கட்ட அனுமதிப்பது என்ற இரண்டு தீர்மானங்கள் வருகிற பொதுக்கூட்டத்துக்கு வருகின்றன. தோழர் பேச வேண்டும். கன்னடத்தில் பேசினால் தடுமாறுவேன் என்று பயப்படுகிறார். கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை வண்டியில் நாம் இருவர் அவரோடு போகிறோம். முன்பணம் கொடுக்கப்போகும் குடும்பங்கள் யாராவது இருந்தால், அதற்கு முந்தின சனிக்கிழமை மாலை தங்கள் காகிதங்களோடு கோரமண்டல் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், விளக்கு எரியும்.